மூடுல்: கடல் கடந்து படிக்கும் மாணவருக்காக ஏழு ஆண்டுகள் நடத்திப் பார்த்தபின்

எங்கள் கல்லூரியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு மூடுல் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருளை (பாடம், ஒப்படைப்பு, தேர்வு, மதிப்பெண் ஆகியவற்றை இணையத்தில் நடத்த உதவுவது) நிறுவி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 3.5 பதிப்பில் தொடங்கி இப்போது 4.5இல் நிற்கிறோம். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தென்மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஆனால் ஷார்ஜாவிலும் தோஹாவிலும் கோலாலம்பூரிலும் டொரான்டோவிலும் வேலைபார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள் ஆண்டுதோறும் கூடிவருகிறார்கள். கணினிப் பிரிவின் பொறுப்பில் இருப்பவன் என்பதால், இணையவழிப் படிப்பு தொடங்கவிருக்கும் பிற கல்லூரிகளிலிருந்து மூடுல் எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் இங்கே முழுமையாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், மூடுல் நல்ல மென்பொருள். எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு இன்றும் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அதைப் பராமரிக்க முழுநேர ஆள் ஒருவரை முதலில் நியமிக்க முடியாத கல்லூரி இதைத் தொடவேண்டாம் என்றும் அதே உறுதியுடன் சொல்வேன்.

மூடுலின் பிறப்பே தொலைவிலிருந்து படிப்பவர்களோடு தொடர்புடையது. அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியமாஸ் மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைநிலப் பகுதியில் வளர்ந்து, வானொலி வழியாக நடந்த பள்ளியில் பாடம் கேட்டவர். பின்னர் பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில், அக்காலத்தில் பரவலாக இருந்த வெப்சிடி என்னும் வணிக மென்பொருளை நிர்வகித்த அனுபவத்திலிருந்து மூடுலை எழுதத் தொடங்கினார். 1.0 பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2005இல் இதைத் தேர்ந்தெடுத்தது, மூடுலின் வரலாற்றில் பெரிய திருப்பம். தேர்வு வினாக்களைக் கையாளும் உட்பகுதியை அப்பல்கலைக்கழகத்தினர் திருத்தி எழுதி 2011இல் பொதுவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்; இன்று நம் ஊர் மாணவர் ஒருவர் க்விஸ் எழுதும்போது ஓடுவது அந்த உழைப்பின் தொடர்ச்சிதான். யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் இடம்தரும் பொது உரிமத்தில் இருக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்குள்ள முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நம்மூர் விதிமுறை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இணையவழிப் படிப்புக்கு நான்கு பகுதிகளைக் கேட்கிறது: காணொளிப் பாடம், வாசிப்புப் பொருள், கலந்துரையாடல், மதிப்பீடு. இவற்றில் பின்னிரண்டும் மூடுலின் பலம். வாசிப்புப் பொருளை எந்த மென்பொருளிலும் ஏற்றலாம். காணொளி மட்டும் மூடுலின் வேலையன்று. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எங்கள் பெரிய சறுக்கலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திட்டமிடுவோர் எல்லோரும் தடுக்கி விழக்கூடிய இடம் அது. முதலாண்டில் ஒரு சனிக்கிழமை காலை 10 மணிக்கு 600 பேருக்கான க்விஸ் வைத்தோம். அதற்கு முந்திய மாதங்களில் தளம் நன்றாகவே ஓடியது. ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேருக்கு மேல் உள்ளே இருந்ததில்லை. 10 மணி ஆனதும் இரண்டு நிமிடங்களுக்குள் எல்லோரும் ஒரே பொத்தானை அழுத்தினார்கள். பாதிப் பேருக்குத் தரவுத்தளத்தோடு இணைக்க முடியவில்லை என்ற செய்தி வந்தது, மீதிப் பேருக்குப் பக்கம் சுழன்றுகொண்டே இருந்தது. அறையில் மூன்று தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடித்தன. பதற்றத்தில் சர்வரை நிறுத்தித் தொடங்கினேன். அதனால் எழுதிக்கொண்டிருந்தவர்களும் வெளியே விழுந்தார்கள்.

காரணத்தை அன்று மாலைதான் கண்டுபிடித்தோம். தளத்தின் பக்கங்களை வழங்கும் அப்பாச்சி என்னும் மென்பொருள் எங்கள் சர்வரில் ஒரே நேரத்தில் 256 கோரிக்கைகளை ஏற்கும்படி அமைந்திருந்தது. மைசீக்வல் தரவுத்தளம் இயல்பாக 151 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். அதாவது வாசலில் 256 பேரை உள்ளே விட்டு, பந்தியில் 151 இலைதான் போட்டிருந்தோம். இரண்டு எண்களும் ஆவணங்களில் வெளிப்படையாக இருப்பவை. படிக்காமல் இருந்தது எங்கள் தவறு, மூடுல் மீதோ தரவுத்தளத்தின் மீதோ குற்றமில்லை. எண்ணை உயர்த்திவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நினைவகம் வேண்டும். ஒரு கோரிக்கைக்கு 50 எம்பி என்று வைத்துக்கொண்டால், 16 ஜிபி சர்வரில் தரவுத்தளத்துக்கும் இயங்குதளத்துக்கும் 6 ஜிபி ஒதுக்கியபின் எஞ்சும் 10 ஜிபியில் 200 கோரிக்கைகள்தான் அடங்கும். இதற்கு மேல் ஒரு சுமையும் உண்டு: க்விஸ் எழுதுபவர் விடையை மாற்றிக்கொண்டிருக்கும்வரை மூடுல் அதைத் தானாகவே நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கிறது. 600 பேர் எழுதிக்கொண்டிருந்தால், யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாதபோதும் நொடிக்குப் பத்துக் கோரிக்கைகள் வரை வந்துகொண்டே இருக்கும். மின்சாரம் போனாலும் மாணவரின் விடை போகாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். ஆகவே அதை நிறுத்தக் கூடாது, அதற்கான இடத்தைத்தான் ஒதுக்க வேண்டும்.

பிறகு தரவுத்தளத்தைத் தனி இயந்திரத்துக்கு மாற்றினோம், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற விவரங்களை நினைவகத்திலேயே வைத்து விரைவாகத் தரும் ரெடிஸ் என்னும் மென்பொருளில் வைத்தோம். எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது, செலவே இல்லாத ஒரு மாற்றம்: க்விஸ் 10 மணிக்குத் திறந்து 11.30க்கு மூடும், 10.45க்குள் எப்போது தொடங்கினாலும் 45 நிமிடம் என்று அறிவித்தோம். கூட்டம் தானாகவே பரவிக்கொண்டது. அன்று முதல் இதுவரை ஒரு க்விஸ்கூட நிற்கவில்லை. புதிதாகத் தொடங்கும் கல்லூரிகள் எத்தனை மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து சர்வர் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, ஒரே நிமிடத்தில் எத்தனை பேர் ஒரே பொத்தானை அழுத்துவார்கள் என்பதுதான்.

வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை, நான் மிகுந்த வருத்தத்தோடு நினைவுகூர்வது வேறொரு நிகழ்ச்சி. அஜ்மானில் செவிலியராக இருக்கும் மாணவி ஒருவர் ஒப்படைப்பின் கடைசி நாளில் அழைத்தார். "சார், ட்யூட்டி முடிச்சு இப்பதான் ரூமுக்கு வந்தேன். இங்க மணி பதினொண்ணுதான் ஆகுது. இன்னும் ஒரு மணிநேரம் இருக்குல்ல, ஏன் சார் க்ளோஸ் ஆயிடுச்சு?" என்று கேட்டார். நாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் 'இரவு 11.59' என்று மட்டும் இருந்தது. இந்தியாவில் இரவு 11.59 என்றால் அமீரகத்தில் 10.29. அவருக்கு நாங்கள் நேரம் கொடுத்துவிட்டோம். ஆனால் அவரைப் போல அழைத்துக் கேட்காமல், தன் தவறு என்றே எண்ணி விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு இன்றுவரை உறுத்தலாக இருக்கிறது.

மூடுலில் இதற்கு வழி முதலிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் தனி நேர மண்டலம் வைக்கலாம். வைத்துவிட்டால் கெடு நேரம் அவரவர் ஊர் மணியிலேயே தெரியும். ஆனால் யாரும் தேர்ந்தெடுக்காதவரை எல்லோருக்கும் சர்வரின் நேரமே காட்டப்படும், மாணவர்கள் தாமாகச் சென்று அதை மாற்றுவதும் இல்லை. இப்போது சேர்க்கைப் படிவத்திலேயே எந்த ஊரிலிருந்து படிக்கிறீர்கள் என்று கேட்டு, பயனர் பட்டியலை ஏற்றும் கோப்பில் நேர மண்டலத்துக்கு ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுகிறோம். அங்கே உலக நேரத்திலிருந்து இத்தனை மணி வித்தியாசம் என்று எண்ணாக இடாமல், துபாய், டொரான்டோ என்று நகரத்தின் பெயரை இடவேண்டும். டொரான்டோவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நகரத்தின் பெயர் இருந்தால் மூடுல் அதை அறிந்து மாறிக்கொள்ளும், வெறும் எண் இருந்தால் ஆண்டின் ஒரு பாதியில் ஒரு மணிநேரம் பிசகும். சுற்றறிக்கைகளில் கெடு நேரத்தை எழுதுவதையே நிறுத்திவிட்டோம்; 'தளத்தில் உங்கள் பக்கத்தில் காட்டும் நேரமே இறுதியானது' என்று மட்டும் எழுதுகிறோம்.

தமிழில் வினாக்கள் வைப்பது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இதை வேறெங்கும் படிக்கக் கிடைப்பதில்லை. தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது என்றாலும், எங்கள் ஆசிரியர்களின் பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் என்னும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் கிடந்தன. அவற்றை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வரும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடு ஆக்கி, பிழை திருத்தி ஏற்ற ஒரு கோடை விடுமுறை முழுவதும் போயிற்று. திட்ட மதிப்பீட்டில் நாங்கள் ஒரு நாள்கூட ஒதுக்காத வேலை அது.

அதன் பிறகும் ஒரு சிக்கல் காத்திருந்தது. குறுவிடை வினா ஒன்றுக்கு விடை 'ஔவையார்'. சரியாக எழுதிய மாணவர்கள் பலருக்குச் சுழியம் விழுந்திருந்தது. திரையில் இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு வேற்றுமையே தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது: சிலர் 'ஔ' என்ற ஓரெழுத்தை அடித்திருக்கிறார்கள், சிலர் 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்து அடித்து 'ஒளவையார்' ஆக்கியிருக்கிறார்கள். பார்ப்பதற்கு ஒன்று, கணினிக்கு வேறு. 'ஸ்ரீரங்கம்' இன்னும் நுட்பமானது. 'ஸ்ரீ' என்பதை யூனிகோடில் இரண்டு மெய்களில் எதைக்கொண்டும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றேபோலத் தோன்றும். கைபேசி விசைப்பலகை எதைத் தருகிறதோ அதுவே மாணவரின் விடையாகிவிடுகிறது. குறுவிடை வினாவுக்குப் பல விடைகளை ஏற்றுக்கொள்ளும் வசதி மூடுலில் இருப்பதால் தீர்வு எளிது. ஆனால் இப்படி ஒரு வேற்றுமை உண்டு என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் இலக்கியப் படிப்பை இணையத்தில் நடத்தப்போகிறவர்கள் தேர்வு வைப்பதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். மாணவருக்கு உரிய மதிப்பெண் ஒரு விசைப்பலகையால் பறிபோகக் கூடாது.

மூடுலின் தமிழ் இடைமுகம் முழுமையாக மொழிபெயர்க்கப்படவில்லை. தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் ஆங்கில வரிகள் இடையிடையே தலைகாட்டும். நிர்வாகியே சொற்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எங்கள் மாணவர்கள் அதிகம் காணும் பக்கங்களை நாங்களே திருத்திக்கொண்டோம்.

காணொளிக்கு வருகிறேன். 45 நிமிட விரிவுரை நடுத்தரத் தெளிவில் ஏறத்தாழ 500 எம்பி என்று கொண்டால், இருபது தாள்களுக்குத் தாளுக்கு நாற்பது விரிவுரை வீதம் 400 ஜிபி ஆகும். காப்பு நகலோடு 800. இதை மூடுலுக்குள் ஏற்றினால் தளத்தின் ஒவ்வொரு காப்பு நகலும் ஓர் இரவுக்குள் முடியாமல் போகும். நாங்கள் யூடியூபில் பட்டியலிடாத காணொளியாக ஏற்றி இணைப்பு மட்டும் தருகிறோம். சீனாவில் இருக்கும் மாணவருக்கு யூடியூப் திறக்காது என்பதையும், அமீரகத்தில் வாட்ஸ்ஆப் அழைப்பு இயங்காது என்பதால் ஆசிரியர் அவ்வழியே ஐயம் தீர்க்க முடியாது என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். எங்கள் ஆசிரியர் ஒருவரின் யோசனைப்படி ஒவ்வொரு விரிவுரையின் ஒலியை மட்டும் பிரித்து எம்பி3 கோப்பாகவும் தருகிறோம். 32 கேபிபிஎஸ் அளவில் 45 நிமிடப் பேச்சு 11 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. வேலைத்தளத்துக்குப் பேருந்தில் போகிற நேரத்தில் கேட்பதாகப் பலர் எழுதுகிறார்கள். சென்ற பருவத்தில் காணொளியைவிட இதற்குத்தான் நன்றிக் கடிதங்கள் அதிகம் வந்தன.

மூடுலின் கைபேசிச் செயலியையும் இங்கே சொல்ல வேண்டும். பாடத்தைத் தரவிறக்கி இணையமில்லாமல் படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்தால் க்விஸ்ஸைக்கூட இணையமின்றி எழுதி, இணைப்பு வந்தபின் அனுப்பலாம். நேர வரம்பு வைத்த க்விஸ்ஸுக்கு இது பொருந்தாது. மலைப்பகுதியில் இருக்கும் எங்கள் மாணவர்களுக்கு இது பெரும் உதவி. செயலிக்கான இலவசத் திட்டத்தில் அறிவிப்பு பெறும் கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மாணவர் தொகை பெருகினால் கட்டணத் திட்டத்துக்கு நிதி ஒதுக்க நேரும். இலங்கையில் பெருந்தொற்றுக் காலத்தில் லேர்ன் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பின் வழியே பல்கலைக்கழகத் தளங்களை மாணவர்கள் டேட்டா செலவில்லாமல் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பாடங்கள் பல்கலைக்கழகங்களின் சொந்த சர்வர்களில் இருந்தமையால் அது கைகூடியது. தளம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது நினைவில் கொள்ளத்தக்க முன்னுதாரணம்.

நேரடி வகுப்புக்குப் பிக்புளூபட்டன் இருக்கிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய திட்டம் அது; 4.0 பதிப்பு முதல் அதற்கான இணைப்பு மூடுலுடனேயே வருகிறது. தரம் நன்று. ஆனால் 8 கோர், 16 ஜிபி நினைவகம் கொண்ட தனி சர்வர் அதற்கு வேண்டும். எல்லோரும் கேமராவைத் திறப்பதையும் கட்டுப்படுத்த வேண்டும்: 20 பேர் திறந்தால் 20 காட்சிகள் உள்ளே வரும், ஒவ்வொன்றும் மற்ற 19 பேருக்கு எனக் கணக்கிட்டால் 380 வெளியே போகும். ஆசிரியர் கேமரா மட்டும் திறந்திருக்கும்படி வைத்தபின் எங்கள் வகுப்புகள் தடையில்லாமல் நடக்கின்றன.

குறைகள் என்று பார்த்தால், மதிப்பெண் ஏடு எங்கள் ஆசிரியர்களை இன்னும் திணறடிக்கிறது. அகமதிப்பீட்டுக்கு 30, இறுதித் தேர்வுக்கு 70 என்னும் நம் முறையை அதில் அமைக்க முடியும், ஆனால் அமைப்புப் பக்கத்தில் உள்ள தெரிவுகளின் எண்ணிக்கை பழகியவரையே மிரட்டும். மதிப்பெண் இல்லாத இடங்களைக் கணக்கில் சேர்க்காதே என்பது இயல்பான அமைப்பு. மூன்று ஒப்படைப்புகளில் ஒன்றை மட்டும் கொடுத்து 90 வாங்கிய மாணவருக்கு மொத்தமும் 90 விழுக்காடு என்றே காட்டும். அவர் நிம்மதியாக இருந்துவிட்டுப் பருவ முடிவில் அதிர்ச்சியடைவார். இதை மாற்றி வைப்பது நிர்வாகியின் முதல் நாள் வேலையாக இருக்க வேண்டும்.

தேர்வுக் கண்காணிப்பிலும் ஓர் இடைவெளி உண்டு. ஜூரிக் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவான சேஃப் எக்ஸாம் பிரவுசரை மூடுல் 3.9 முதல் ஆதரிக்கிறது. தேர்வு நேரத்தில் வேறு பக்கங்களைத் திறக்க விடாது. ஆனால் அது விண்டோஸ், மேக், ஐபேட், ஐபோன் ஆகியவற்றில்தான் இயங்கும். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி மட்டுமே. அவர்களிடம் மடிக்கணினி கேட்பது நியாயமன்று என்று முடிவு செய்து, கணினியில் எழுதும் தேர்வின் எடையைக் குறைத்து, புத்தகத்தைப் பார்த்து எழுதினாலும் சிந்தித்தே விடை தரவேண்டிய வினாக்களுக்கு மாறினோம். இறுதித் தேர்வு நேரில்தான். கற்பித்தல் முறையில் எடுக்க வேண்டிய முடிவு இது. மென்பொருளை வாங்கித் தீர்க்க முடியாது.

காப்பு நகல் பற்றி ஓர் எச்சரிக்கை. மூடுல் மூன்று பகுதிகளாக இருக்கிறது: நிரல், தரவுத்தளம், மாணவரும் ஆசிரியரும் ஏற்றிய கோப்புகள். கோப்புகளை அது சொந்தப் பெயரில் சேமிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 40 எழுத்துக் குறியீட்டைப் பெயராக வைக்கிறது. எந்தக் குறியீடு யாருடைய ஒப்படைப்பு என்பது தரவுத்தளத்துக்கு மட்டுமே தெரியும். கோப்புகளை மட்டும் பத்திரப்படுத்தித் தரவுத்தளத்தை இழந்தால், பெயரில்லாத பல்லாயிரம் கோப்புகள் கையில் மிஞ்சும். நாங்கள் இரண்டையும் ஒரே இரவில் எடுத்து வேறு கட்டடத்தில் வைக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு சோதனைத் தளத்தை முழுவதுமாக எழுப்பிப் பார்க்கிறோம்.

பிற வழிகளையும் பரிசீலித்தோம். கூகுள் கிளாஸ்ரூம் கற்றுக்கொள்ள மிக எளிது. ஐம்பது பேர் கொண்ட ஒரு துறைக்கு அதுவே போதும். ஆனால் கல்வி நிறுவனங்களுக்கு வரம்பின்றித் தந்த சேமிப்பிடத்தை அந்நிறுவனம் 2022இல் நிறுவனத்துக்கு 100 டிபி என வரையறுத்தபோது, பிறரது கொள்கை மாற்றம் நம் திட்டத்தை எப்படி அசைக்கும் என்பது விளங்கியது. கேன்வாஸ் என்னும் மற்றொரு கற்றல் மேலாண்மை மென்பொருளின் வடிவமைப்பு மூடுலைவிட அழகு, 2022இல் வந்த மூடுல் 4.0 அந்த இடைவெளியை ஓரளவு குறைத்தது. மாணவர் விவரங்கள் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதும் எங்கள் தேர்வுக்கு ஒரு காரணம். 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே, ஒருவரின் தரவை எடுத்துத் தரவும் அழிக்கவும் மூடுலில் வசதி செய்துவிட்டார்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நாங்கள் ஆயத்தமாக அது உதவுகிறது.

நிதிக் குழுவில் பேசப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மென்பொருளுக்கு என்ற வரியில் சுழியம் எழுதுங்கள். அதனடியில் சர்வரை அறிந்த ஒரு முழுநேர நிர்வாகி, ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடப் பக்கம் அமைக்கத் தெரிந்த ஓர் உதவியாளர், காப்பு நகலுக்கான வட்டுகள், தேர்வு மாதங்களுக்குக் கூடுதல் சர்வர் என்று நான்கு வரிகள் வரட்டும். உதவியாளர் பணியிடத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். எங்களுக்கும் முதல் இரண்டாண்டுகள் அந்த இடம் காலியாக இருந்தது. அந்த இரண்டாண்டும் பெரும்பாலான பாடப் பக்கங்கள் பிடிஎஃப் கோப்புகளின் பட்டியலாகவே கிடந்தன. அவர் வந்த பருவத்தில்தான் கலந்துரையாடல் பகுதியில் ஆசிரியர்கள் எழுதத் தொடங்கினார்கள்.

ஆண்டுக்கு இரண்டு புதிய பதிப்புகள் வரும்; ஒவ்வொன்றையும் துரத்த வேண்டியதில்லை. நீண்டகால ஆதரவுப் பதிப்பிலேயே இருந்து, அதன் பாதுகாப்புக் காலம் முடியுமுன் அடுத்ததற்கு மாறுவது எங்கள் வழக்கம். கூடுதல் வசதிக்காகப் பிறர் எழுதிய செருகுநிரல்களை முடிந்தவரை தவிர்க்கிறோம்; எழுதியவர் கைவிட்டுவிட்டால் பதிப்பு மாறும்போது அவை நம் காலைக் கட்டிவிடும். இப்போதுள்ள 4.5க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை வரும். அந்த ஆண்டின் மே விடுமுறையில் மூன்று வாரங்களை மாற்றத்துக்கென்று நாள்காட்டியில் இப்போதே குறித்துவைத்திருக்கிறோம். தேர்வுத் துறையிடமும் அந்த நாட்களில் எதையும் வைக்க வேண்டாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறோம்.